வளவில் திறந்த எஞ்சின்

மச்சான்,

இன்று காலை கராஜில் ஒரு பழைய லொறியின் எஞ்சினுக்கு மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். கருகிய ஒயிலும் துருவேறிய தண்ணீரும் கலந்த மணம் குப்பென்று எழுந்தது. கதிரவெளியில் உன் வேனைத் திறந்த அன்றும் உன் வீட்டு வளவு முழுக்க இதே மணந்தான்.

அப்போது உனக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்து ஆறேழு மாதம் இருக்கும். இனி வேன் ஓட்டலாம் என்று வைத்தியர் சொல்லியும் நீ ஓட்டவில்லை. யாராவது சத்தமாகக் கூப்பிட்டாலே கை நெஞ்சுக்குப் போகும். பாசிக்குடா ஹோட்டல்களில் அறை துப்புரவாக்கும் பெண்களை விடியற்காலையில் ஏற்றிப்போன உன் வேனை வேறொருவர் ஓட்டினார். ஒருநாள் வாகரை றோட்டில் ரேடியேட்டர் தண்ணீர் வற்றி, எஞ்சின் கொதித்து, புகை தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது. நான் வந்து பார்த்தபோது ஒயில் தண்ணீர் கலந்து பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு. அந்தப் பெண்கள் பஸ்ஸில் போய் வேலைக்குப் பிந்தினார்கள். இப்படியே போனால் வேறு ஆட்களை எடுப்போம் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்களாம்.

"வித்துப்போடுவம் மச்சான்," என்றாய். "வெட்டித் திறந்த சாமான் மறுகா பழையபடி வராது."

நீ வேனை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கியது. உன் மனைவி செல்விக்கும் விளங்கியிருக்க வேண்டும். பின்னேரம் தனியாக என்னைத் தேடிவந்து, கொழும்பிலிருந்து வேறு ஹெட் எடுப்பிக்கச் சொன்னாள். ஆனால் வேலையைக் கராஜில் செய்யக்கூடாது, உன் கண்முன்னே வளவில்தான் செய்ய வேண்டும் என்றாள்.

மரமுந்திரிகையின் நிழலில் வேனை நிறுத்தி, எஞ்சினை மூடியிருந்த முன் இருக்கையைத் தூக்கி, குழாய்களையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன். நீ வீட்டுக்குள்ளேயே இருந்தாய். செல்வியும் நானும் பழைய ஹெட்டைத் தூக்கிக் கீழே வைத்த பிறகுதான் மெல்ல இறங்கி வந்தாய். நான்கு குழிகள், அவற்றின் சுவர்கள் கண்ணாடியாய் மின்னின. உனக்குக் காட்டவென்று ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றினேன். இரண்டு பிஸ்டன்கள் சத்தமேயில்லாமல் மேலே வந்தன, மற்ற இரண்டும் கீழே போயின.

நீ குனிந்தபடியே நின்றாய். "இவ்வளவு வருசமா இதுக்கு மேலதானா நான் குந்தியிருந்தன்?" என்று கேட்டாய்.

மச்சான், அதற்கு முன் எத்தனையோ எஞ்சின்களைத் திறந்தவன் நான். எனக்கு அது வேலை. அன்று உன்னருகில் நின்றுதான் அதை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். கதிரவெளியிலிருந்து பாசிக்குடா வரைக்கும் இந்தக் குழிகளுக்குள் ஓயாமல் நெருப்பு எரிந்திருக்கிறது. மேலே அந்தப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எஞ்சினின் மேல்முகப்பைச் சுரண்டித் துடைத்து, கசியாமல் அடைக்கும் புதுக் கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை இறக்கினோம். நடுவிலிருந்து தொடங்கி, மாறி மாறி, கொஞ்சங் கொஞ்சமாய்த்தான் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஒரேயடியாய் இறுக்கினால் ஹெட் கோணிப்போகும். கடைசிச் சுற்றுக்கு வந்தபோது நீ ஸ்பேனருக்குக் கை நீட்டினாய். செல்வி தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் விலகி உனக்கு இடம் விட்டாள். வியர்வை வழிய வழிய இறுக்கினாய். ஒரு தரமும் உன் கை நெஞ்சுக்குப் போகவில்லை.

ஸ்டார்ட் பண்ணியதும் இருமியது. வெள்ளைப் புகை வந்தது, பிறகு மெலிந்து இல்லாமல் போனது. எஞ்சின் ஒரே சீராய் ஓடத் தொடங்கியது. வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாய்.

"திறந்ததெண்டு அதுக்குத் தெரியுதா, மச்சான்?"

"திறந்த எனக்கே தெரியல்ல," என்றேன்.

அடுத்த நாள் விடியற்காலை நீயே அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனாய். துணைக்கு வந்த செல்வி பிறகு சொன்னாள்: பாசிக்குடாவில் எல்லோரையும் இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமலே இருந்து அழுதாயாம். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஓட்டினாய். போன மாரிமழைக் காலத்தில்தான், ஒரு மதியம், பாயில் படுத்தபடியே போய்விட்டாய்.

உன்னிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த வண்டியின் ஹெட்டைக் கழற்றினாலும், புதியதை இறக்குமுன் உரிமையாளரைக் கூப்பிட்டு அந்தக் குழிகளைக் காட்டுவேன். சிலர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். போன மாதம் பழுகாமத்திலிருந்து வந்த ஒரு விவசாயி அப்படியில்லை. எட்டிப் பார்த்தவர், ஒரு அடி பின்னே போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் கிட்ட வந்தார்.