பாதியில் நின்ற பேக்கப்

என் அன்பு நானா,

காலையில் லெப்டொப்பைத் திறந்ததும் உள்ளேயிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம். உங்கள் போனின் பேக்கப் அதற்குள்தான் இருக்கிறது.

கத்தாரில் நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போனபின் உங்கள் போன் ஊர் வந்து சேரவேயில்லை. அதற்கு முந்திய பெருநாளுக்கு நம் உம்மாவைப் பார்க்க வந்தபோது, "போன் நிரம்பிட்டு புள்ள, எல்லாத்தயும் உன்ட லெப்டொப்புல போட்டு வை" என்றீர்கள். நான் கேபிளைச் செருகினேன். அது முடியும்வரை நீங்கள் உங்கள் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாவிக்கரைப் பக்கம் போய்வந்தீர்கள். அன்று அது எனக்குப் பெரிய வேலையாகவே படவில்லை.

சத்தத்தைக் கேட்ட கம்பியூட்டர் கடைக்காரர், டிஸ்க் எந்த நேரமும் நின்றுவிடும் என்றார். வெளியில் செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தந்து, கட் பண்ணாமல் கொப்பி பண்ணச் சொன்னார். வீட்டுக்கு வந்து தொடங்கினேன். உம்மா பக்கத்தில் ஓதிக்கொண்டிருந்தார். பச்சைக் கோடு பாதி தாண்டியபோது கரண்ட் போனது. லெப்டொப்பின் பேட்டரி செத்து நெடுநாள்.

"எல்லாம் போயிட்டா?" என்று உம்மா கேட்டார்.

"தெரியா உம்மா."

கரண்ட் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுபடி போட்டபோது திரை வெகுநேரம் கறுப்பாகவே கிடந்தது. பிறகு, அல்ஹம்துலில்லாஹ், திறந்தது. அரைகுறையாக வந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து கொப்பி செய்தேன். ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரம் முடிந்தது. அப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை என் பழைய போனில் இறக்கி, நீங்கள் எனக்கு அனுப்பியதில் கையில் அகப்பட்ட குரல் பதிவொன்றைத் தட்டினேன்.

"பயப்புடாத புள்ள. ஒண்டுமில்ல, சும்மாதான் பேசுறன்."

உங்கள் பேச்சு எப்போதும் அப்படித்தான் தொடங்கும். உங்கள் பெயர் திரையில் வந்தாலே நான் பதறிவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். உம்மா இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை. "பத்திரமா வை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழ எழுந்தார்.

உங்கள் மகளின் சுகம் கேட்டு ஏறாவூருக்குக் கோல் எடுக்கும்போது, உம்மாவுக்கு என்னவோ என்று உங்கள் மனைவி பதறிப்போகிறார். அதனால் இப்போது நானும், "பயப்புடாதீங்க மச்சி, ஒண்டுமில்ல" என்றுதான் தொடங்குகிறேன். சொல்லும்போது என் குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரத்தில் தனியாக இருந்துகொண்டு அதைச் சொன்னபோது, உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா, நானா?