ஸ்டெல்லாவின் ஐஸ் பெட்டி

தை 10, வியாழன்
பனி. முதல் பஸ்ஸில் மலையிறங்கி ஆலங்காயம், அங்கிருந்து வேலூர் ஆஸ்பத்திரி. வாரா வாரம் ஏற்றும் மருந்தில் ஐந்தாவது. கம்பளிக் கையுறை, காலுறை, குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு.

பக்கத்து நாற்காலி ஸ்டெல்லா, ஆலங்காயத்துக்காரி. அதே மார்புக் கட்டி, அதே மருந்து, ஆரம்பித்ததும் ஒரே வாரம். அவள் வீட்டுக்காரர் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலம் கொண்டுவந்து அவள் கையிலும் காலிலும் துணி சுற்றிக் கட்டுகிறார். உருகினால் மாற்றுகிறார். மருந்து ஏறி முடியும்வரை நகரவில்லை. என்னுடையவர் டீக்கடையில்.

பொறாமைதான். வேறென்ன.

தை 11, வெள்ளி
ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. விரல் நுனி மரத்துக் கிடக்கிறது. புளி உடைக்க உட்கார்ந்தேன். கொட்டை எது, நார் எது, கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது. இந்தக் கை போனால் பிழைப்பு?

முதல் நாளே நர்ஸ் எனக்கும் சொன்னாள், ஐஸ் வைத்தால் விரலுக்கு மருந்து குறைவாகப் போகும், நரம்பு தப்பிக்கலாம் என்று. நாத்தனார்தான், "மருந்து ஏர்ற ஒடம்புல ஜில்லுனு பட்டா ஜன்னி வந்துடும். கம்பளிய போட்டுக்கோ" என்றாள். மலையில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் கம்பளி. நானும் தலையாட்டினேன். அவளைச் சொல்லி என்ன.

தை 17, வியாழன்
நல்ல வெயில். வாங்க: சோப்பு, நூல்கண்டு, பல்பு.

டாக்டர் கேட்டார், கை கால் மரத்துப்போகிறதா? "இல்லீங்க." சொன்னால் மருந்தைக் குறைப்பார்களாம். கட்டி திரும்ப வந்துவிட்டால்?

கூப்பிடும்வரை ஸ்டெல்லா மல்லி தொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மொட்டாவது நழுவாதா என்று பார்த்தேன். நழுவவில்லை. பாதிச் சரத்தை எனக்குக் கொடுத்தாள். நல்ல பெண். அதுதான் இன்னும் கடுப்பு.

தை 24, வியாழன்
பஸ் லேட். போய் உட்காருவதற்குள் ஸ்டெல்லா பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"எக்கா, இன்னிக்கி ரெண்டு செட்டு எடுத்தாந்தோம். ஒன்னு ஒனக்கு."

கம்பளியைக் கழற்றினேன். அவளே கட்டிவிட்டாள், முடிச்சு முடிச்சாக, அந்த விரல்களால்.

கட்டைவிரலில் சுள்ளென்று குளிர் ஏறியது. மற்ற நாலிலும் ஒன்றுமே இல்லை. ஐஸ் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இருந்தது.

"இன்னாக்கா, ரொம்ப ஜில்லுனு கீதா? தாங்கலன்னா சொல்லு, கொஞ்ச நேரம் எடுத்துடலாம்."

"எல்லா வெரலும் ஜில்லுனு கீது" என்றேன்.