நாயகம் பேசாத இடம்

என் அருமைச் சூசை,

"அந்த எடத்துல நாயகம் இன்னாத்துக்கு அத்தச் சொல்றான், வாத்தியாரே?" என்று கேட்டாய். பதினோரு வருடமாகிறது. அன்று நான் சொன்னது பதிலே இல்லை. நீ கண்ணை மூடி மூன்று மாதம் கழித்துத்தான் சரியான பதில் வருகிறது.

உன்னை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பகலில் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினாய். சாயங்காலம் நாடகம் எழுதினாய். ராயபுரத்தில் ஒவ்வொரு மாதா கோயில் திருநாளுக்கும் உன் துறைமுகக் கூலி 'நங்கூரம் நாயகம்' புதுக் கதையோடு மேடைக்கு வருவான். துண்டை உதறி, "கடலே வந்தாலும் என் காலு நனையாது மாமு" என்பான். பந்தல் விசிலில் அதிரும். நான் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பேன்.

விசிலை நீ வெறுத்தவன் அல்ல. இரண்டாவது நாடகத்தில் சங்கிலி ஒன்று அறுந்து மூட்டைகள் தலைக்கு மேல் ஆடின. கூட்டாளிகள் நடுங்கினார்கள். அவர்களைத் தேற்றத்தான் நாயகம் அந்த வசனத்தைச் சொன்னான். தன் பயத்தையும் அதற்குள் ஒளித்துக்கொண்டான். கைதட்டலும் கிடைத்தது, காரணமும் இருந்தது.

மூன்றாவதில் அவன் தம்பி கடலில் மூழ்கிச் சாகிறான். நாயகம் துண்டால் தம்பியின் முகத்தை மூட வேண்டும், ஒரு சொல்லும் கூடாது என்று எழுதியிருந்தாய். அன்று துண்டை எடுத்ததுமே கூட்டம் கத்தியது: "சொல்லு நாயகம், காலு நனையாது!" நாயகமாக நடித்த அந்தோணி திகைத்து என் பக்கம் பார்த்தான். நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவனும் சொல்லிவிட்டான், பிணத்தின் முன்னால்.

அப்படியொரு விசில் அதற்கு முன் வந்ததில்லை. திரை விழுந்ததும் நீ வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாய். "ஜனங்க கேட்டாங்க சூசை" என்றேன்.

"ஜனங்க கேட்டாங்க, சரி. நாயகம் கேட்டானா?"

அதன்பின் நீ எழுதவே இல்லை. டீ குடித்தோம், சீட்டாடினோம், நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபோது "இனிமே யார அடிப்ப வாத்தியாரே?" என்று கிண்டல் செய்தாய். நாடகப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? நானாவது மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாதா?

கல்மண்டபத்து இளைஞர்கள் வரும் திருநாளுக்கு அந்த மூன்றாவது நாடகத்தைப் போடுகிறார்கள். "அந்த டயலாக் இல்லன்னா ஜனம் பேஜாராயிடும் சார்" என்றார்கள். "முதல் காட்சியில மட்டும் இருக்கட்டும். அங்க தம்பியச் சிரிக்க வைக்கத்தானே சொல்றான்" என்றேன். நான் செய்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

"பாவம் சார் அந்த ஆளு" என்றான் ஒருவன்.

"யாரு, சூசையா?"

"இல்ல சார். நாயகம்."

நீ இருந்து கேட்டிருக்க வேண்டும். உன் கேள்விக்குப் பதில் இதுதான் சூசை: நாயகம் அதைச் சொல்லவில்லை, நான் சொல்ல வைத்தேன்.

வசனம் எடுத்துக் கொடுக்க என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள். நிற்பேன். கூட்டம் எவ்வளவு கத்தினாலும் அந்த இடத்தில் என் வாய் திறக்காது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

கதை எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒன்று செய்யுங்கள். கைதட்டல் வாங்கும் வசனத்தைக் கையால் மூடிக்கொண்டு, அதற்கு முன் அந்தப் பாத்திரத்துக்கு நடந்ததை மட்டும் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; அவன் அதைச் சொல்வானா என்று தெரிந்துவிடும்.

உன் வாத்தியார், உன் மூத்த மகளை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தகப்பன்