துண்டுக்கு வெளியே நின்றவன்

மட்டாஞ்சேரி
22 ஜனவரி 1982

அன்புள்ள ராமபத்ரன் அண்ணாவுக்கு,

தங்கை காமாக்ஷியின் நமஸ்காரம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதச் சொல்லி அம்மா என் தலைக்கு மேலேயே நிற்கிறாள். எழுதிவிட்டேன். அவள் அடுக்களைக்குப் போனதும் உண்மையை எழுதுகிறேன்.

போய்விட்டாள்.

நேராகவே கேட்கிறேன் அண்ணா. நீ அங்கே வங்காளத்தில் நிஜமாகவே சிஸ்டம்ஸ் இஞ்சினீயரிங்தான் படிக்கிறாயா? அல்லது விற்பனை வரி இலாகாவில் சேர்ந்துவிட்டு எங்கள் காதில் பூ சுற்றுகிறாயா?

சிரிக்காதே. இஞ்சித் தரகர் வெங்கிடாசலத்தின் பிள்ளை இஞ்சினீயர் ஆகாமல் வேறென்ன ஆவான் என்று ஊரெல்லாம் பரப்பியவளே நான்தான். ஆனால் உன் படிப்பு என்ன படிப்பு என்று கேட்டால் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி போன வாரம் ஜன்னல் வழியாகவே விசாரணை நடத்தினாள். “பாலம் கட்டுவானோ?” இல்லை மாமி. “மோட்டார் ரிப்பேர் பண்ணுவானோ?” அதுவும் இல்லை. “பின்னே எந்தாடி பண்ணுவான்?” ஒரு காரியம் எப்படி நடக்கறது, எங்கே முட்டிக்கறதுன்னு முழுசாப் பார்ப்பான் மாமி என்றேன். “பார்க்கறதுக்கு ஒரு படிப்பா? இந்த ஜன்னல்ல நின்னுண்டு நானும் அதைத்தானேடி பண்ணறேன்!” என்றாள். மாமிக்கும் ஒரு பட்டம் வாங்கிக் கொண்டு வா.

இப்போது குற்றப் பத்திரிகை. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கோர்ட்டில் முதலிலிருந்துதான் வாசிப்பார்கள். எதிரி குறுக்கே பேசக் கூடாது.

நம் பஜாரில் சுக்கு வியாபாரம் வாயால் நடக்காது. அப்பா தோள்துண்டை எடுத்து விற்கிறவர் கையின் மேல் போடுவார். துண்டுக்குள் எந்த விரலைப் பிடிக்கிறார், எத்தனை தடவை அழுத்துகிறார் என்பதுதான் விலை. பிறகு அதே துண்டுக்குள் வாங்குகிறவர் கை வரும். சுற்றி ஒரு கூட்டமே நிற்கும், ஒருத்தருக்கும் ஒன்றும் புரியாது. துண்டுக்குள் முடிந்த விலை யார் நாக்குக்கும் வரக் கூடாது. அப்படி வராது என்ற நம்பிக்கையில்தான் அப்பாவின் துண்டுக்குள் கை நீட்டுகிறார்கள்.

நீ டிசம்பர் லீவில் வந்தாய், ஸ்டாப் வாட்சோடு. கோடவுன் வாசலில் கைவண்டி எவ்வளவு நேரம் காத்து நிற்கிறது, வள்ளம் கரையில் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் எந்த மூலையில் மோதிக்கொள்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாய். பிராஜெக்ட் என்றாய். அதுவரைக்கும் பஜார் பொறுத்துக்கொண்டது.

அன்றைக்கு மலையிலிருந்து வந்த அவறாச்சன் தன் சுக்கை விற்றார், குஜராத்திக்காரர் ஜெயந்தி சேட் வாங்கினார், அப்பா துண்டு போட்டார். கொஞ்ச நேரம் கழித்து நீ பீரான்க்காவின் சாயாக்கடையில் உட்கார்ந்துகொண்டு, “அவறாச்சன் சேட்டன் கெட்டிக்காரர். காலையில வித்தவருக்குக் கிடைச்சதை விடக் குவிண்டாலுக்குப் பன்னெண்டு ரூபா கூட வாங்கிட்டாரே” என்று சொன்னாய். காலையில் அதே அப்பா துண்டில் விற்றவர் உன் எதிர் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருந்தார். பாதி சாயாவைக் கிளாஸிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாராம். இதெல்லாம் பீரான்க்காவின் மகள் சுஹரா சொல்லித் தெரியும். அவளும் நானும் காலேஜில் ஒரே பெஞ்சு. என் தபாலும் தந்தியும் அவள்தான்.

நீ ரயிலேறிய மறுவாரம் தோல்பெட்டியோடு இரண்டு பேர் வந்து கோடவுன் கோடவுனாகப் புகுந்து வரிக்கணக்கு பார்த்தார்கள். அவ்வளவுதான். பஜார் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்றது. வெங்கிடாசலம் தன் பிள்ளைக்குச் சொல்கிறார், பிள்ளை சர்க்காருக்குச் சொல்கிறான்.

அதிலிருந்து அப்பாவிடம் ஒரு கையும் வரவில்லை. மற்ற வீடுகளில் மாசக் கடைசியில் துண்டு விழும். நம் வீட்டில் துண்டு விழாததுதான் கஷ்டம். காலையில் மடித்துப் போட்டுக்கொண்டு போகிறார், மடிப்புக் கலையாமல் திரும்பி வருகிறார். புதுச் சுக்கு மலையிலிருந்து இறங்க ஆரம்பித்துவிட்டது. இந்த சீசனில் கூப்பிடாவிட்டால் அப்புறம் எப்போதும் கூப்பிட மாட்டார்கள். சுக்கு விற்கிற வீடு சுக்குநூறாகிக்கொண்டிருக்கிறது அண்ணா.

வழக்கம்போல் முதல் சந்தேகம் என் மேல்தான். “நீ என்னடி பண்ணித் தொலைச்சே?” என்றாள் அம்மா. ரேஷன் கடையில் ‘இன்று விடுமுறை’ அட்டையை ஒரு தடவை மாட்டினவள் என்பதற்காக ஊரில் எது மூடினாலும் நானா காரணம்? இந்தத் தடவை நான் பச்சைக் குழந்தை.

அப்பா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. கோபம் வந்தால் சத்தம் போடுகிற மனுஷன் சத்தம் போடாமல் இருந்தால் என்ன அர்த்தம்? விலை உனக்கு எப்படித் தெரிந்தது? அப்பா சொன்னாரா? சொன்னார் என்றால் பஜார் சொல்வது சரி. சொல்லவில்லை என்றால் நீ யார்?

சாக்குப்போக்கு சொல்லாமல் பதில் போடு. நம் வீட்டில் சாக்குக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
உன்னை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்
காமாக்ஷி


மட்டாஞ்சேரி
19 பிப்ரவரி 1982

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். உன் கடிதம் வந்தது. அம்மா உன் கையெழுத்தைப் பார்த்தே பாதிப் பசி ஆறினாள். மீதிப் பசிக்கு நீ ஒன்றும் எழுதவில்லை.

நான் கேட்டது ஒரு கேள்வி, நீ எழுதியது நாலு பக்கம் பாடம். ஒரு சிஸ்டத்தைப் படிப்பதென்றால் முதலில் சுற்றி ஒரு கோடு போட்டு எது உள்ளே, எது வெளியே என்று தீர்மானிக்க வேண்டுமாம். பிறகு அதை மூடின பெட்டியாக நினைத்துக்கொண்டு, திறக்காமலே, போவதையும் வருவதையும் வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாமாம். என் கேள்விக்குக் கடைசியில் ஒரு வரி. “அப்பாவிடம் கேள்.”

அந்த ஒரு வரியால் என் சந்தேகம் உன்னை விட்டுவிட்டு அப்பா மேல் ஏறிக்கொண்டது. ஒரு வாரம் அவரை வேவு பார்த்தேன். காலேஜிலிருந்து வரும் வழியில் சுஹராவோடு சாயாக்கடைப் பின்கட்டில் நின்று பார்த்தேன். அப்பா என்ன செய்கிறார் தெரியுமா? ஒன்றுமே செய்வதில்லை. கடைசி பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறார். சேட் வந்தால் எழுந்து நிற்கிறார். சேட் அவரைத் தாண்டிப் போய் பிச்சைமணி மாமாவின் துண்டுக்குள் கையை நீட்டுகிறார். அப்பா மறுபடியும் உட்கார்ந்துகொள்கிறார். பீரான்க்கா ஒரு நாள் கேட்கவே கேட்டுவிட்டார்: “ஸ்வாமி, நிங்கள் பையனிடம் வெலை சொன்னதா, இல்லையா? இல்லைன்னு ஒரு வாக்கு சொல்லிடணும். நான் நாலு பேர்ட்ட பேசறேன்.” அப்பா, “சாயாவுக்குச் சர்க்கரை போதலை பீரானே” என்றார்.

இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் சர்க்கரை கேட்கிறவரைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதேதான் தோன்றியது. அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்குச் சோறு பரிமாறும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் உன் மூடின பெட்டி என் மண்டைக்குள் உருண்டுகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா கோவிலுக்குப் போயிருந்தபோது அம்மாவை அலமாரிக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தேன். கை மேல் ஒரு துண்டைப் போட்டுக் கோவைக்காய்க்குப் பேரம் பேசினோம். “விடுடி, கூச்சமா இருக்கு” என்று அம்மா ஒரே சிரிப்பு. எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு விரலை அழுத்தினால் அம்மாவின் மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது. மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் முழங்கை லேசாக வெளியே வருகிறது. முழுக் கையைப் பிடித்தால் தோள் இறங்குகிறது. துண்டு விரலைத்தான் மூடுகிறது அண்ணா. முழங்கை பாட்டுக்கு வெளியே நின்று கோள் சொல்லிக்கொண்டிருக்கிறது!

அப்போதுதான் புரிந்தது. நீ நாள் பூரா அங்கே நின்று கைவண்டியை மட்டும் பார்க்கவில்லை. முழங்கைகளைப் பார்த்திருக்கிறாய்.

அப்பா கோவிலிலிருந்து வருகிற வழியிலேயே, படகுத்துறைப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டேன். அப்பா, நீங்க தப்பிச்சேள், அவன் முழங்கையைப் பார்த்துன்னா கண்டுபிடிச்சிருக்கான், இப்பவே போய் பஜார்ல சொல்லுங்கோ என்று மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா நடையை நிறுத்தவே இல்லை.

“தெரியும்டி. அவன் அன்னிக்கே நேக்குச் சொல்லிட்டான்” என்றார்.

பின்னே ஏன் வாயைத் திறக்கலை என்று கேட்டேன். நடந்துகொண்டே சொன்னார்: “சொன்னா நான் தப்பிச்சுப்பேன். நாளைக்கு எவன் துண்டுக்குள்ள கை வைப்பான்? ஒவ்வொருத்தன் கண்ணும் அடுத்தவன் முழங்கையிலன்னா இருக்கும். பிச்சைமணிக்கு நாலு பொண்ணு. மத்த தரகனெல்லாம் வேற எங்க போவான்? என்னைச் சந்தேகப்பட்டா என்னோட போச்சு. துண்டைச் சந்தேகப்பட்டா எல்லாரோட கஞ்சியும் போச்சு.”

பிறகு, “பக்ஷே அவன் மூளையைப் பார்த்தியா? இத்தனை வருஷமா துண்டு போடறேன், நேக்கே தெரியலை” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. ஒரு வாரமாக இந்த மனுஷனை வேவு பார்த்திருக்கிறேன்.

மார்ச் நடுவில், மீனம் ஒன்றாம் தேதியிலிருந்து, இடக்கொச்சியில் ஒரு ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போகிறார். ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் சட்டென்று தும்மி விட்டேன்.

நீ கோடு போட்டாயே அண்ணா, எது உள்ளே, எது வெளியே என்று. நீ வெளியே நின்றாய், சரி. அப்பாவை எங்கே வைத்தாய்? அன்றைக்கு அதை ஏன் சாயாக்கடையில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அப்பா காதில் விழ வேண்டும், அவர் அசந்து போக வேண்டும் என்றுதானே? அசந்துதான் போனார்.

இனி என் படிப்பு. உன் பாடத்தில் உண்மை மட்டும்தான் இருக்கிறது, அதை வைத்து இந்தக் காரியத்தைச் சரிசெய்ய முடியாது. இதற்குப் பொய் வேண்டும். அந்த இலாகா என்னுடையது. கவனமாகப் படி.

ஹோலி லீவுக்கு வா. ஸ்டாப் வாட்ச் வேண்டாம். நேராக சாயாக்கடைக்குப் போய், துண்டுக்குள் நடக்கிற பேரத்துக்கெல்லாம் நீ விலை சொல்வாய் என்று பீற்றிக்கொள். அவர்கள் விட மாட்டார்கள். சொல்லு பார்க்கலாம் இஞ்சினீயரே என்று சூழ்ந்துகொள்வார்கள். சொல். ஒரு தரகர் துண்டு விடாமல் எல்லாத் துண்டுக்கும் சத்தமாகச் சொல். எல்லாம் தப்பாகச் சொல். சரியான விலையை யாரும் வெளியே விட மாட்டார்கள். ஆனால் பேரம் முடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், அது போதும்.

ஒரே ஒரு தடவை மட்டும், பிச்சைமணி மாமா துண்டில், சரியாகச் சொல். அங்கேதான் சூட்சுமம். எல்லாமே தப்பு என்றால், அப்போ டிசம்பரில் அப்பன் சொல்லிக்கொடுத்ததுதான் என்றாகிவிடும். பிச்சைமணி மாமாவுக்கும் ஒன்று பலித்தால், பையன் வாய்க்கு வந்ததை உளறுகிறான், குருட்டாம்போக்கில் எப்போதாவது பலிக்கிறது என்று அவர்களே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். முழங்கை ரகசியம் நம் மூன்று பேரோடு நிற்கும். பீரான்க்காவைச் சிரிக்க வைக்கிற பொறுப்பை சுஹரா எடுத்துக்கொண்டாள். விஷயம் என்னவென்று அவளுக்கும் அம்மாவுக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் சொல்லவில்லை.

ஒன்றாம் கிளாஸிலிருந்து நீ ஒரு விடை தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. கையில் மெடல் வாங்கினவன், அத்தனை பேர் முன்னால் சரியான விடையை மென்று முழுங்கிவிட்டு அசட்டுத்தனமாக நிற்க வேண்டும். அதற்கப்புறம் மட்டாஞ்சேரி பஜாரில் உன் படிப்புக்குக் காலணா மதிப்பு இருக்காது. கைவண்டிக்காரர்கள் கூட உன்னைப் பார்த்தால் விலை கேட்டுக் கூப்பிடுவார்கள். உன்னால் முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். என்னைப் பொய்யாக்கிக் காட்டு.

அப்பாவிடம் நீ மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம். கேட்டால் அவர் சர்க்கரை கேட்பார். நீ மூன்றாவது தப்பு விலையைச் சொல்லும்போது கடைசி பெஞ்சிப் பக்கம் திரும்பிப் பார். நீ என்ன செய்கிறாய் என்று அந்தக் கடையில் அவர் ஒருத்தருக்குத்தான் புரியும்.

மீனம் பிறப்பதற்குள் வந்துவிடு அண்ணா. கெட்டிக்காரனாக இருந்தது போதும்.

இப்படிக்கு,
டிக்கெட் கிடைத்ததா என்று தினமும் தபால்காரரை விரட்டப் போகிற
உன் காமு