அம்மாவின் போனை மாற்றுவது

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்தது எதுவும் காயவில்லை. ஈரச் சாக்ஸோடு ஆபீஸ்.

அம்மாவின் போன் உப்பிவிட்டது. பின்மூடி ஓர் ஓரத்தில் எழும்பியிருப்பதைக் கொஞ்ச நாளாகவே பார்க்கிறேன், கவர் சரியாக மாட்டவில்லை என்று நினைத்திருந்தேன். இன்று கவரைக் கழற்றினால் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே நகம் போகிறது. சார்ஜ் போட்டால் சூடு.

திரும்பும்போது சம்பிகே ரோட்டுக் கடையில் காட்டினேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பூரி மாதிரி உப்பியிருக்கு மேடம். இதெ தலகாணி கிட்ட வெச்சிட்டா தூங்கறாங்க உங்க மதர்?"

அங்கேதான் வைத்துத் தூங்குகிறாள். பேட்டரி மாற்றித் தர முடியுமா என்றேன். இந்த மாடலுக்கு ஒரிஜினல் வருவதில்லையாம். வேறு ஏதோ ஒன்று போட்டுத் தருவாராம், ஆனால் அதைத் தன் வீட்டில் யாருக்கும் கொடுக்கமாட்டாராம். புதுசு எடுத்துடுங்க மேடம், ஆஃபர் இருக்கு என்றார். அவர் சொல்வது சரிதான். வேறு யாருடைய போனாக இருந்தாலும் நானும் அதையேதான் சொல்வேன்.

எழுதிப் பார்த்தால் தெளிகிறதா பார்க்கலாம்.

அம்மா இன்னும் தானாகச் செய்வது:
- குளியல் (கஸ்தூரி கதவுக்கு வெளியே நிற்க)
- பூ கட்டுவது
- எனக்குப் போன் போடுவது

மூன்றாவதை அவள் பார்த்துச் செய்வதில்லை. கட்டைவிரல் ஓரத்துப் பட்டனைத் தொடும், திரை விழிக்கும், கீழ் வரிசையில் வலது கோடியில் என் படம், அழுத்தினால் நான். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே போடுவாள். டாக்டர் போன முறை சொன்னது: பழகின கைவேலை கடைசி வரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், புதிதாக எதுவும் உள்ளே போகாது.

அண்ணனோடு ஏற்பாடும் இதை வைத்துத்தான். அம்மா தானாகப் போன் செய்கிறவரை வீட்டில் இருக்கட்டும், அது நின்றால் முதியோர் ஹோம் பார்ப்போம். ஜனவரியில் சொன்னான். நானும் சரி என்றேன். அளப்பதற்கு வேறு ஒன்றும் எங்களுக்குத் தோன்றவில்லை.

ஜூலை 9, புதன்

மெட்ரோவில் நின்றுகொண்டே. மெஜஸ்டிக்கில் மாறும்போது முதல் அழைப்பு.

"சுஜி, பால் வந்துச்சா?"

வந்துடுச்சும்மா, நீ காப்பியே குடிச்சாச்சு என்றேன். ஓ, என்றாள், சந்தோஷமாக. தொம்மலூர் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் இன்னும் பல முறை பால்.

ஆபீஸில் என் டீம் லீட் நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறான். "ரொம்ப பொசசிவ் போல இருக்கு உன் ஆளு." சிரித்து வைத்தேன். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். அம்மா என்று சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு எல்லோரும் மூலிகை சொல்வார்கள்.

இன்றிலிருந்து சார்ஜ் சமையலறைக் கல்மேடையில் மட்டும். கஸ்தூரி பக்கத்திலேயே நிற்க வேண்டும். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவள் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒன்பதுக்கு வருகிறாள், நான் வந்ததும் போகிறாள். "சோறு பொங்கறத கூட இப்டி நின்னு பாத்ததில்ல பாப்பா" என்கிறாள்.

தூங்கும்போது தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துவிடுகிறேன். காலையில் அவள் விழிப்பதற்குள் திரும்ப வைக்க வேண்டும். திருட்டு வேலை.

ஜூலை 11, வெள்ளி

ஹைதராபாத்திலிருந்து அண்ணன் அனுப்பிய புதுப் போன் வந்தது. பெரிய திரை, அவசர அழைப்பு, விழுந்தால் தானே எங்களுக்குத் தகவல் அனுப்புமாம். நல்ல எண்ணத்தில் வாங்கியிருக்கிறான். குடும்ப வாட்ஸப் குழுவில் அதன் படத்தைப் போட்டு மூன்று இதயங்கள்.

ஓரத்தில் கைரேகைப் பட்டன் இல்லை. திரைக் கண்ணாடி மேலேயே விரல் வைக்க வேண்டும்.

மாற்றுவதாக இருந்தால் போன வருடமே மாற்றியிருக்க வேண்டும். போன வருடம் அம்மா கற்றுக்கொண்டிருப்பாள். ஆனால் போன வருடம் இந்தப் போன் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிற போனை யார் மாற்றுவார்கள்.

நூலகப் புத்தகம் தவணை தாண்டிவிட்டது. படித்த நாவல்களில் இந்த மறதி நோய் வருகிறபோதெல்லாம் யாராவது ஜன்னல் வழியே எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சார்ஜரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ஜூலை 12, சனி

புதுப் போன் பாடம். உப்புமாவுக்குப் பிறகு உட்கார்ந்தோம்.

விரலை இங்கே வைம்மா. மெதுவா. இப்போ மேல தள்ளு. அம்மா மிகவும் ஒத்துழைத்தாள், அதுதான் தாங்கவில்லை. முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் கோத்து, நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினாள். ஒவ்வொரு தடவையும் விரல் வலது கோடிக்கே போனது. அங்கே செல்ஃபி கேமரா. திரையில் எங்கள் கூரை மின்விசிறி.

திரும்ப ஆரம்பித்தேன். திரும்பவும் மின்விசிறி.

பிறகு என் பக்கம் குனிந்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், கன்னடத்தில்: "மேடம், ஊட்டக்கே எஷ்டு கண்டேகே பிடுத்தீரா?"

சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு விடுவீர்கள்.

கருவூலத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது செக்‌ஷனில் முதலில் கற்றுக்கொண்டவள் அம்மா. பயிற்சிக்கு ஒரு மாதம் போய் வந்தாள், டிபன் பாக்ஸோடு. அந்த வகுப்பில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறாள். நான் அந்த ஆசிரியை.

ஒரு மணிக்கு விடுகிறேன் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். நன்றி சொன்னாள்.

புதுப் போன் பெட்டிக்குள் போய்விட்டது. அண்ணனுக்கு: "கொஞ்சம் நாள் ஆகும்." பொய் இல்லை, உண்மையும் இல்லை.

ஜூலை 16, புதன்

அரை நாள் லீவ். எஸ்.பி. ரோடு. மழை, சேறு, தள்ளுவண்டிகள். கடை கடையாக அதே மாடல் கேட்டு அலைந்தேன். ஒருவர் அருங்காட்சியகத்துக்குப் போகச் சொன்னார். இன்னொருவர், "அதெ வாங்கி இன்னா பண்ணப்போறீங்க மேடம், அதே ரேட்டுல டபுள் ஸ்பீடு தர்றேன்" என்றார். ஸ்பீடு வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கடைசியில் ஒரு மாடிக்கடையில் கிடைத்தது. பழசுதான், பேட்டரி இன்னும் நல்ல நிலையில். நிறம் மட்டும் நீலம். கவர் போட்டால் தெரியாது. கையில் வாங்கியதும் ஓரத்துப் பட்டனைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன். அதே இடம். அங்கேயே அழுதிருப்பேன், ஏணிப்படி மாதிரி படி, இறங்குவதில் கவனம் போய்விட்டது.

இந்த மாதத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று நடக்கும் என்று தோன்றுகிறது.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று முழுக்க மாற்றும் வேலை. அதே பின்னணிப் படம். அதே எழுத்து அளவு. அதே ரிங்டோன். அவள் ஒருபோதும் திறக்காத பஞ்சாங்கத்தைக் கூட அதே மூலையில் வைத்தேன். கீழ் வரிசை, வலது கோடி, கல்லூரிக் கடைசி நாளில் எடுத்த என் படம், நீளப் பின்னலோடு.

இன்று காலை அம்மா குளிக்கும்போது சிம்மை மாற்றி, கவரைக் கழற்றி மாட்டி, அது இருந்த இடத்திலேயே வைத்தேன். கைரேகை மட்டும் பாக்கி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே அவள் கட்டைவிரலைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். என்னடி பண்றே என்றாள். விளையாடறேன் என்றேன். சிரித்தாள்.

மாடிக்குப் போய்க் காத்திருந்தேன். கொடியில் துணி எடுப்பதுபோல.

போன் அடித்தது.

"சுஜி, எங்க இருக்கே?"

மாடியில்தாம்மா. இதோ வரேன். அவசரமில்லை, மெதுவா வா என்றாள். எடுத்த துணியைத் திரும்பக் கொடியிலேயே போட்டுவிட்டு இறங்கினேன்.

உப்பிய போனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

வழக்கம்போல அழைப்புகள். பால். பால். அப்பா ஏன் இன்னும் வரவில்லை (அப்பா போய் ஆறு வருடம்). பால். டீம் லீட் கண்ணடித்தான். அவனுக்குக்கூட இன்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

அண்ணனுக்கு எழுதினேன்: போன் மாற்றியாச்சு, தானாகத்தான் பேசுகிறாள். கட்டைவிரல் பொம்மை அனுப்பினான்.

ஜூலை 24, வியாழன்

மதியம் கேன்டீனில் இருந்தபோது அம்மா. குரல் தணிந்திருந்தது.

"சுஜி, யார்கிட்டயும் சொல்லாதே. என் போனை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

இப்போ எதுலம்மா பேசறே என்றேன்.

"இங்க ஒண்ணு கெடந்துது. பாக்க என்னுது மாதிரியே இருக்கு. ஆனா என்னுது இல்லே. என்னோடதைக் கீழ வெச்சா ஆடும். இது ஆடவே மாட்டேங்குது."

உப்பின முதுகு. மேஜைமேல் வைத்தால் ஆடியிருக்கும். நான் கவனிக்கவே இல்லை. எழுத்து அளவு, ரிங்டோன், பஞ்சாங்கம் எல்லாம் பார்த்தேன்.

எனக்கு எப்படிம்மா போட்டே என்று கேட்டேன்.

"தெரியல. கை போச்சு, நீ எடுத்துட்டே." பிறகு: "வெச்சுடறேன். அடுத்தவங்க போன்ல ரொம்பப் பேசக்கூடாது. பாவம், அவங்களுக்கு காசாகும்."

வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வரை அழைப்பில்லை.

ஜூலை 25, வெள்ளி

அழைப்பில்லை. பத்து மணிக்கு நான் போட்டேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். கஸ்தூரியின் போனுக்குப் போட்டேன்.

"ரிங்கு வந்தா அம்மா என்னெ கூப்புடுது பாப்பா. ஆனா எடுக்க உடமாட்டேங்குது. அடுத்தவங்க போனு, நாம எடுத்தா தப்பாயிடும்னுது. நான் இன்னா செய்யட்டும்?"

அம்மாகிட்ட குடு என்றேன். வந்தாள், நன்றாகப் பேசினாள், பால் வந்ததா என்றாள். கஸ்தூரி எண்ணைப் போட்டு கஸ்தூரி கொடுத்துப் பேசியது. அண்ணன் கணக்கில் இது சேராது. என் கணக்கிலும் சேராது.

மதியத்துக்கு மேல் லீவ் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் சம்பிகே ரோட்டுக்கு ஓடி வந்தேன். பழைய போனைத் திருப்பித் தர முடியுமா, ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பின்மூடி மட்டும் போதும். கடைக்காரர் நான் கேட்பதை முதலில் நம்பவில்லை. பிறகு, "அன்னிக்கே ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு மேடம். அந்த மாதிரி அயிட்டம் கடையில வெக்க மாட்டோம்" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

நீலப் போனின் முதுகில் அட்டை ஒட்டி ஆட வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். தொடவில்லை. ஒருமுறை இன்னொருவருடையது என்று தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். முப்பது வருடம் மற்றவர்கள் பணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். மறக்க வேண்டியது எத்தனையோ இருக்க, இந்த ஒழுங்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

அண்ணனிடமிருந்து: "எப்படி இருக்கா? பேசறாளா?" நீலக் குறி விழுந்துவிட்டது. பதில் போடவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

காலையில் அம்மா போனைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தாள்.

"இதுல ஒரு பொண்ணு படம் இருக்கு. அவளோடதா இருக்கும். நீ வெளிய போறவ, விசாரிச்சு அவகிட்ட சேத்துடு சுஜி."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், என் பெயரைச் சொல்லித்தான். இப்போது என் முடி குட்டை. நான்தாம்மா அது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சிரித்துத் தலையாட்டியிருப்பாள், வகுப்பில் ஆட்டியதுபோல. வாங்கிக்கொண்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு மார்க்கெட் வரை நடந்தேன். கொத்தமல்லி வாங்கினேன். திரும்பி வந்தேன்.

வாசலிலேயே நின்றிருந்தாள்.

"குடுத்துட்டியா?"

குடுத்துட்டேம்மா.

"சந்தோஷப்பட்டாளா?"

ரொம்ப.

"படுவா இல்ல," என்றாள் அம்மா. "அது இல்லாம அவ அம்மாகிட்ட எப்படிப் பேசுவா, பாவம்."