கட்டைவிரல் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன், கண்ணாடியைத் தேடி வீட்டைப் புரட்ட வேண்டாம். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். போனில் நீங்கள் "சாப்டியா" என்பீர்கள், நான் "சாப்ட்டேன்" என்பேன், அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். அதனால்தான் கடிதம்.

ஒருவன் பேருந்து நிறுத்தத்திலிருந்து என் தெரு வரை பின்னாலேயே வருகிறான் என்று போன வாரம் அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நீங்கள் போனைப் பிடுங்கி, "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். பட்டறைல லீவு கெடச்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன், பெட்டியக் கட்டி வை" என்றீர்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என் பழக்கம் தெரிந்ததுதானே. பதில் இப்போதுதான் வருகிறது.

அவன் பின்னால் வரத் தொடங்கியதிலிருந்து நான் கராத்தே வகுப்புக்குப் போகிறேன். பயப்படாதீர்கள், ஓடு உடைக்கிற வேலையெல்லாம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மாலையில் பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு வெறுங்காலோடு நிற்கிறோம். மாஸ்டர் ஒரு பெண், என்னைவிடச் சின்னவர். முதலில் குனிந்து வணக்கம். அடுத்தது நிற்கக் கற்றுக்கொடுத்தார். இத்தனை வருஷமாக நான் நின்றது நிற்பதே இல்லையாம். முழங்காலை மடக்கி, உடம்பின் பாரத்தை இரண்டு கால்களிலும் சமமாக இறக்கி நிற்க வேண்டுமாம். மறுநாள் ஆய்வகத்தின் படிகளில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. நாள் முழுக்கத் தண்ணீர்ப் பாட்டில்களைச் சோதிக்கிறேன். பாட்டிலா கேட்கும்?

குத்துவிடக் கையை மடக்கச் சொன்னபோதுதான் மாட்டிக்கொண்டேன். கட்டைவிரலை உள்ளே ஒளித்து மடக்கினேன். மாஸ்டர் என் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "இப்படிக் குத்துனா எதிராளிக்கு ஒண்ணும் ஆகாது, ஒன் வெரல்தான் ஒடையும். யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். எங்கள் அப்பா என்றேன். கூடமே சிரித்தது.

நீங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, நானாகப் பார்த்துக் கற்றது. பட்டறை மெஷின் கட்டைவிரலை எடுத்துக்கொண்ட உங்கள் இடது கையைத்தான் சின்ன வயதில் பார்த்துக்கொண்டே இருப்பேன். மடக்கினால் நாலு விரல்தான் தெரியும். கை மடக்குவதென்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். இதை அவர்களிடம் சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவன் விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்டர் அடியை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வைக்கிறார். தூரம் வை, வெளிச்சத்துக்கு வா, குரலை உயர்த்து, ஓட முடிந்தால் ஓடு, வழியே இல்லையென்றால்தான் கை என்பார். இந்தச் செவ்வாய்க்கிழமையும் அவன் பின்னால் வந்தான், மருந்துக்கடை வெளிச்சத்துக்கு வந்ததும் திரும்பி நின்றேன். கால் தானாக மடங்கி நின்றது. "என்ன வேணும் ஒனக்கு?" என்று என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. குழாயடியில் குடத்தை முந்தி வைத்தவளிடம் அம்மா பேசுகிற அதே குரல்! கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டான். பிறகு கண்ணில் படவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆளில்லை. அறையின் பூட்டைத் திறந்துகொண்டே கதவிடம் சொன்னேன்.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அப்பா. இந்தத் தண்ணீர் குடிக்க உதவாது என்று நான் கையெழுத்துப் போட்டால் ஒரு தெருக் குழாயையே மூடுகிறார்கள். "கைநாட்டு வைக்க வெரல் இல்ல, அதான் எழுத்துக் கத்துக்கிட்டேன்" என்று சிரிப்பீர்களே. ஒவ்வொரு கையெழுத்தின்போதும் அது ஞாபகம் வரும்.

அடுத்த பத்தியை மட்டும் அம்மாவுக்குப் படிக்க வேண்டாம்.

நேற்று மணிக்கட்டை யாராவது பிடித்தால் விடுவிப்பது எப்படி என்று பாடம். பலம் தேவையில்லையாம். எவ்வளவு பெரிய பிடியானாலும் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருகிற இடம்தான் அதன் வாசல். கையை அந்தப் பக்கம் திருப்பி இழுத்தால் வந்துவிடும். எனக்கு ஜோடி, சலவைக் கடை வைத்திருக்கும் அக்கா. சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய கை, ஆனால் நல்ல சூடு. அவர் பிடித்தார். நான் திருப்பவில்லை. முறை தெரியாமல் இல்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு ஒருவரும் என்னைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "என்னடி தங்கச்சி, தாலி கட்டுன புருஷன் புடிச்ச மாதிரி பாத்துட்டு நிக்கிற? ஒதறு!" என்றார் அக்கா. இன்னொரு தடவை பிடியுங்கள் என்றேன். அதற்குள் மாஸ்டர் கை தட்டி ஜோடியை மாற்றிவிட்டார்.

பள்ளிக்கூடச் சாலையைக் கடக்கும்போது நீங்களும் என் மணிக்கட்டைத்தான் பிடிப்பீர்கள். நாலு விரல் பிடி. யோசித்துப் பார்த்தால் அதன் வாசல் எப்போதும் திறந்தே கிடந்திருக்கிறது. ஒரு நாளும் நான் நழுவியதில்லை. பெண் பெரியவளாகிவிட்டாள் என்று நீங்களாகத்தான் ஒருநாள் விட்டீர்கள்.

அதனால் வாருங்கள் அப்பா. பெட்டியைக் கட்டி வைக்க மாட்டேன், ஆனால் நிறுத்தத்தில் வந்து நிற்பேன். வந்ததும் அந்த இடது கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடியுங்கள். விடுவித்துக்கொண்டால் நான் இங்கேயே இருக்கிறேன். முடியாவிட்டால் உங்களோடு கிளம்பிவிடுகிறேன். "கட்டவெரல் இல்லாதவன்கிட்டப் பந்தயமா, கள்ளி" என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பிடித்ததும் நான் உடனே கையைத் திருப்ப மாட்டேன். பிள்ளைக்கு முறை மறந்துவிட்டது போல என்று நினைத்து நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஆசியை வேண்டும்,
மகள்