சிவப்பு கிளிப்

ரெனி,

புட்டும் பயறும் மூடி வைத்திருக்கிறேன். ஜெமி எழுந்ததும் ஊட்டு. நீயும் சாப்பிடு, நேற்று ராத்திரி கோபத்தில் பாதியிலேயே எழுந்து போனாய்.

ஃப்ரிட்ஜில் நீ ஒட்டிய டைம்டேபிளில் "பத்து மணி: நிறங்கள்" இருந்த மூலையைக் காணோம். பிள்ளை மென்று விழுங்கிவிட்டாள். பாடம் உள்ளே இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்.

"வெளையாட்டு மட்டும் காட்டுனா போருமா, பிள்ள எப்பம் படிக்கும்?" என்று கேட்டாயே. நேற்று நீ ஆரியசாலைக்கு வேலைக்குப் போன பிறகு, துணி காயப்போட அவளைத்தான் கிளிப் எடுத்துத் தரச் சொன்னேன். என் சட்டை முதுகில் நாலு கிளிப்பை மாட்டிவிட்டாள். தெரியாமல் அப்படியே பால் வாங்கப் போனேன். "லேய் விபின், ஒன்னையும் காயப் போட்டாச்சா?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

இன்று உனக்கு லீவுதானே? துணி காயப்போடும்போது அவளிடம் சிவப்பு கிளிப் கேட்டுப் பார். என்னிடம் ஒரு தடவைகூடச் சரியாகத் தந்ததில்லை.

விபின்

செருப்பு மாட்டிய பிறகும் மனசு கேட்கவில்லை. மேலே கடைசியாகச் சொன்னது பொய். நேற்று மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் சிவப்பையே தந்தாள். முதலில் பார்த்தது நீயாக இருக்கட்டும் என்றுதான் திட்டு வாங்கும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் நான் வந்ததும் சொல்லு. இப்போதுதான் கேட்பதுபோல் வாயைப் பிளக்கிறேன்.